எப்போது நிற்கும் என்று தெரியாத கார்

திருச்சி விமான நிலையத்தில் என்னை ஏற்றிக்கொண்ட கார், புதுக்கோட்டை சாலையில் ஆவூருக்குப் பிரியும் இடத்துக்குப் பக்கத்தில் நின்றுவிட்டது. புகை இல்லை, இழுப்பு இல்லை. ஏ.சி.யின் சத்தம் மெலிந்தது, ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருந்த விளக்குகள் மங்கின, எஞ்சின் அணைந்தது. டிரைவர் அந்தோணி வேகம் குறைவதற்குள் வண்டியை உருட்டி ஒரு புளியமரத்தடியில் ஒதுக்கினார். சாவியைத் திருப்பினார். 'டிக்' என்று ஒரு சத்தம் வந்தது. மறுபடி திருப்பினார். மறுபடி அதே 'டிக்'.

"ஒண்ணுமில்ல பெரியக்கா. கொஞ்ச நேரம் இப்புடித்தான் இருக்கும். அப்பறம் அதுவா எந்திரிச்சிரும்," என்றார்.

"எத்தனை நாளா இப்படி?"

"அது இருக்கும், சித்திரையிலேர்ந்து."

அவர் குரலில் பதற்றமே இல்லை. எனக்கு எரிச்சல் அங்கேதான் தொடங்கியது. ஏனென்றால் இந்தக் கார் ஊர் சுற்றுகிற கார் அல்ல. என் தங்கை கலாவுக்கு இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்துவிட்டன. செவ்வாய், வியாழன், சனி என்று வாரத்தில் மூன்று நாள் அறந்தாங்கியிலிருந்து புதுக்கோட்டைக்குப் போய் அவள் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும். அவளைக் கொண்டுபோகிற கார் இதுதான். நான் சிங்கப்பூரில் ஒரு தமிழ் நாளிதழில் துணை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவள். அவளோடு சில வாரம் இருக்க வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை. அந்தோணிக்குச் சொந்த ஊர் ஆவூர். பூசை முடிந்து பைக்கில் வந்த இரண்டு பேர் அவரை அடையாளம் கண்டு நிறுத்தினார்கள்.

"ஏண்டா அந்தோணி, பூசைக்கு வராம இங்கிட்டுச் சுத்துனா மாதா வண்டிய நிப்பாட்டாம என்ன செய்வாங்க?" என்றார் மூத்தவர்.

"பிளைட்டுல வர்றவங்கள கூப்புடப் போனேன் மாமா."

"பிளைட்டு ஒழுங்கா வந்துருச்சே. ஒன் காருதானே வரல. பேட்டரியா இருக்கும் பாரு."

"பேட்டரி புதுசு மாமா."

"அப்ப செல்ப்பு மோட்டாரு."

"அதும் புதுசு."

"அப்ப டிரைவரத்தான் மாத்தணும்."

மூவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்றுதான் எழுத வேண்டும். சிரிக்கவில்லை. வெயிலில் நின்று, அவர்கள் வண்டியைத் தள்ளுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தள்ளியதில் எஞ்சின் உறுமிக் கிளம்பியது. "ஓடுறப்பவே ஓடிரு," என்று மூத்தவர் காரின் முதுகில் ஒரு தட்டுத் தட்டி அனுப்பினார்.

நான் வாழும் ஊரில் இவ்வளவு வயதான கார் சாலையில் அபூர்வம். பத்து வயதைத் தாண்டி ஒரு காரை வைத்துக்கொள்வது அங்கே வசதிக்காரர்களின் விவகாரம். இது இருபது வயதைத் தாண்டியது. ஆனால் வெளியே பார்த்தால் தெரியாது. மயில்கழுத்து நீலத்தில் புதிதாகப் பெயிண்ட் அடித்து, முகம் பார்க்கும் அளவுக்குப் பளபளத்தது. முன்புறம் எலுமிச்சையும் மிளகாயும் கோத்துத் தொங்கின. நாலு சக்கரத்துக்கு மேலேயும் கறுப்புக் கயிறு கட்டியிருந்தது.

திங்கட்கிழமை கலாவின் வீட்டில் இருந்தேன். அவள் இளைத்திருந்தாள், முகம் மட்டும் உப்பியிருந்தது. கத்தரிக்காயை நறுக்கி வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டினாள். மறுபடி புதுத் தண்ணீரில் வேகவைத்து அதையும் கொட்டினாள். காயில் இருக்கும் பொட்டாசியம் போக வேண்டுமாம். அது உடம்பில் ஏறினால் அவளுக்கு இதயம் நின்றுவிடும். குடிக்கும் தண்ணீரையும் ஒரு பாட்டிலில் அளந்து ஊற்றி வைத்துக்கொள்கிறாள். நாள் முழுவதற்கும் அவ்வளவுதான். எனக்கு மட்டும் வெங்காய மசாலாவில் முட்டையைப் பிரட்டி முட்டை மாஸ் செய்து, ஆவி பறக்கத் தட்டில் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வாய் எடுத்துவிட்டுத் தட்டைத் தள்ளி வைத்தேன்.

"நல்லா சாப்புடு. நீயும் எளைச்சுப் போனா யாரு என்னையப் பாக்குறது?" என்றாள்.

கார் எப்போது கெட்டது என்று கேட்டேன்.

"காதுகுத்துக்கு அப்பறம்தான். அது வரைக்கும் ஒரு நா கூட நின்னதில்ல."

கலாவின் கணவர் முருகேசன் வளைகுடாவில் வேலை பார்க்கிறார். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை வருவார். சித்திரையில் அவருடைய தங்கை பிள்ளைக்குக் காதுகுத்து. தாய்மாமன் அவர்தான். தாய்மாமன் சீர் என்றால் இந்தப் பக்கம் சின்ன விஷயம் இல்லை. தட்டுத் தட்டாகப் பழமும் துணியும் தூக்கிக்கொண்டு, மேளத்தோடு, வெடியோடு, ஊர் பார்க்க ஊர்வலமாகப் போக வேண்டும். அந்த ஊர்வலத்தில் முன்னால் போகிற வண்டி தாய்மாமன் வண்டி. அதற்காகத்தான் புதுப் பெயிண்ட். வெளியே மட்டும் அல்ல. சொந்தக்காரர்கள் பானெட்டைத் திறந்து பார்ப்பார்கள் என்று உள்ளேயும் அடிக்கச் சொன்னாராம்.

"அத்தன சனம். அத்தன கண்ணு. புதுசா வாங்குனீகளான்னு எத்தன பேரு கேட்டாக. அன்னைக்கே சொன்னேன், சுத்திப் போடணும்னு. இவுக கேக்கல," என்றாள் கலா.

ஊரே இதை ஒப்புக்கொண்டிருந்தது. திருஷ்டி. அதனால்தான் எலுமிச்சை, அதனால்தான் கறுப்புக் கயிறு. மெக்கானிக்குகளும் அதை மறுக்கவில்லை. மறுக்காமலே ஒவ்வொரு பார்ட்டாக மாற்றினார்கள். பேட்டரி மாற்றினார்கள். சில நாள் ஓடியது, நின்றது. செல்ஃப் மோட்டார் மாற்றினார்கள். சில நாள் ஓடியது, நின்றது. டைனமோ, பெட்ரோல் பம்ப் என்று வரிசை நீண்டது. இதற்கு நடுவே ஆக்ஸிலேட்டர் கேபிள் இறுகிப்போய் இரண்டு தடவை அதையும் மாற்றியிருக்கிறார்கள். அது தனிக் கோளாறு என்று எல்லோரும் சொன்னார்களாம். கழற்றியதையெல்லாம் அந்தோணி டிக்கியில் ஒரு சாக்கில் போட்டு வைத்திருந்தார்.

"வண்டி அங்க நின்னா அவங்களுக்குக் காட்டலாம் பெரியக்கா. பட்டறைக்குக் கொண்டு போனா அது நிக்கவே மாட்டேங்குது. ரெண்டு தெரு ஓட்டிப் பாத்துட்டு, இந்தா சரியாயிருச்சுங்கிறாங்க," என்றார்.

ஒரு பட்டறையில் கூட, வண்டி எப்போது நிற்கிறது என்று கேட்கவில்லை. வெயிலிலா, மழையிலா, ஏ.சி. ஓடும்போதா, பிரேக் பிடிக்கும்போதா? ஒரு விபத்துச் செய்தியை இந்தக் கேள்விகள் இல்லாமல் எழுதிக்கொண்டு வரும் நிருபரை என் செய்தி ஆசிரியர் மேஜைக்கு அருகே நிற்க விட்டதில்லை.

செவ்வாய்க்கிழமை காலை சீக்கிரமே கிளம்பினோம். நிற்பதற்கும் சேர்த்து நேரம் ஒதுக்கிக் கிளம்புவது அந்த வீட்டில் வழக்கமாகிவிட்டது. வல்லத்திராக்கோட்டையை நெருங்கும் முன் ஒரு வேகத்தடையில் அந்தோணி பிரேக்கை அழுத்தினார். விளக்குகள் மங்கின. எஞ்சின் போய்விட்டது.

இந்த முறை அந்தோணி சொன்னபடி அது எழுந்திருக்கவில்லை. ஏ.சி. இல்லாத காருக்குள் கலாவை வைக்க முடியாது. இறக்கி ஒரு வேப்ப மர நிழலில் நிற்கவைத்தேன். அவள் வாய் உலர்ந்திருந்தது. எதிரே இளநீர் விற்றுக்கொண்டிருந்தவர் பார்த்துவிட்டு, ஒன்றைச் சீவி எடுத்துக்கொண்டு வேகமாக வந்தார்.

"குடிங்கம்மா, மொகமே வாடிக் கெடக்கு. காசெல்லாம் வேணாம்."

"வேணாங்கய்யா."

"அட குடிங்கங்கிறேன். இதுல என்ன இருக்கு, சுத்தமான தண்ணி."

"எனக்கு ஆவாதுங்கய்யா."

"எளநி ஆவாதா? எந்த டாக்டரு சொன்னான்? சீக்காளிக்கே எளநிதானே குடுப்பாங்க!"

இளநீரில் இருப்பது பொட்டாசியம். என் தங்கைக்கு அந்தச் சமயத்தில் அதைவிட மோசமான பானம் அந்தச் சாலையில் இல்லை. அவர் நல்ல மனதோடு அதை அவள் உதட்டுக்கு நேராக நீட்டிக்கொண்டு நிற்கிறார். அவள் கையால் மறைக்கிறாள். கடைசியில் நான் நடுவில் புகுந்து வாங்கி, நானே குடித்தேன். "சரிதான், படிச்ச பிள்ளைக நம்ம சொன்னா எங்க கேக்குதுக," என்று மனம் கசந்து திரும்பிப் போனார். அவர் மீது எனக்குக் கோபம் இல்லை. எங்களை இந்த இடத்தில் கொண்டுவந்து நிறுத்திய எல்லோர் மீதும் இருந்தது.

வழியில் போன ஒரு சரக்கு வேன்காரர் கலாவை முன்சீட்டில் ஏற்றிக்கொண்டார். நான் பின்னால், தக்காளிக் கூடைகளோடு. டயாலிசிஸ் மையத்துக்குப் போனபோது தாமதம். அன்றைக்கு அவள் படுக்கையை வேறு ஒருவருக்குக் கொடுத்திருந்தார்கள். மதியம் ஒரு படுக்கை காலியானதும் குறைந்த நேரத்துக்கு மட்டும் போட்டார்கள். பொறுப்பில் இருந்த நர்ஸ் கடுமையாகப் பேசவில்லை. கலாவிடம் மெதுவாகச் சொன்னார், அதுதான் பயமாக இருந்தது.

"அக்கா, இந்த மாசம் இது மொத தடவ இல்ல. வெயிட்டிங்ல ஆளுங்க வெளியவே ஒக்காந்திருக்காங்க. இன்னொரு தடவ லேட்டா வந்தீங்கன்னா ஒங்க எடத்தையே மாத்திக் குடுத்துருவாங்க. அப்பறம் நீங்க வெயிட்டிங்ல நிக்கணும். என் கையில ஒண்ணுமில்ல."

"கார் நின்னு போச்சும்மா," என்றேன்.

"தெரியும் மேடம். எப்பவும் அதுதான் சொல்றாங்க."

வெளியே வந்து வாடகைக் கார் பிடிக்க முயன்றேன். இன்றைக்குக் கிடைத்தது. வியாழக்கிழமைக்கு வர யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. முகூர்த்த நாள். "அன்னைக்கு ஒரு வண்டியும் கெடைக்காது மேடம், மாப்பிள்ளையே பைக்குலதான் வரணும்," என்றார் ஒருவர். பஸ்ஸில் போவதற்குப் போய்விடலாம். ஆனால் சிகிச்சை முடிந்ததும் அவளுக்கு ரத்த அழுத்தம் இறங்கும். ஒரு முறை பஸ் படிக்கட்டிலேயே மயங்கி விழுந்திருக்கிறாள். ஆகவே வியாழக்கிழமை இந்தக் கார்தான். அதற்கு முன்னால் ஒரே ஒரு நாள்தான் மிச்சம்.

அந்தோணி எப்படியோ கிளப்பி வீட்டுக்குக் கொண்டுவந்திருந்த காருக்கு, அன்று மாலையே ஒரு மெக்கானிக் வந்து இக்னிஷன் காயிலை மாற்றிவிட்டு, "நல்லா லாங்கா ஓட்டிப் பாருங்க," என்று சொல்லிவிட்டுப் போனார். சரி, ஓட்டிப் பார்ப்போம் என்று முடிவு செய்தேன். அது நிற்பதைப் பார்க்க யாரும் தயாராக இல்லை என்றால், நான் பார்க்கிறேன். நோயாளி இல்லாமல், அதை நிற்கவைப்பதற்காகவே ஒரு பயணம்.

புதன்கிழமை நானும் அந்தோணியும் கட்டுமாவடிக்குப் போனோம். ஏ.சி.யைப் போடச் சொன்னேன். பகலில் ஹெட்லைட்டையும் போடச் சொன்னேன். பின்கண்ணாடிச் சூடு, வைப்பர், பாட்டு, எல்லாம்.

"பெரியக்கா, எதுத்து வர்றவன்லாம் லைட்டு எரியுதுன்னு கைய ஆட்டுறான்."

"நீங்களும் ஆட்டுங்க."

போகும்போது நிற்கவில்லை. கடற்கரையில் படகுகள் வந்து ஏலம் முடிந்திருந்தது. நண்டும் கொஞ்சம் ஊளி மீனும் வாங்கினேன். கலாவுக்கு மருத்துவர் அனுமதித்த ஒரு துண்டு, மிச்சம் எங்களுக்கு. மீனை ஐஸோடு டிக்கியில் வைத்துக்கொண்டு திரும்பினால், சந்தை முக்கிலேயே, மீன் கூடைகளுக்கும் ஆட்டோக்களுக்கும் நடுவில், அந்தோணி பிரேக் பிடித்து இண்டிகேட்டர் போட்ட அந்த நொடியில் விளக்குகள் மங்கின.

எனக்கு வந்தது சந்தோஷம்தான். அதைச் சொல்ல வெட்கப்படவில்லை.

"என்னம்மா, மீனு தண்ணிய விட்டு வந்தா நிக்கும். ஒங்க காரு எத விட்டு வந்துச்சு?" என்று கூடைக்காரப் பெண் ஒருவர் கத்தினார்.

"புத்திய விட்டு வந்துருச்சு," என்றார் அந்தோணி.

"டிரைவருக்கா, காருக்கா?"

பானெட்டைத் திறக்கச் சொன்னேன். "சாவியைத் திருப்புங்க," என்றேன். 'டிக்'. "மறுபடி." 'டிக்'. எஞ்சினை எட்டிப் பார்த்தேன். எனக்குக் கார் ரிப்பேர் தெரியாது. ஆனால் சாவியைத் திருப்பும்போது எது மாறுகிறது என்று பார்க்கக் கண் போதும். நாலைந்து முறை திருப்பியதும் மெலிதாக ஒரு பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தது. வாடை வந்த பக்கம் கையை வைத்தேன். சுட்டது. உள்ளங்கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டேன். சூடாக இருந்தது ஆக்ஸிலேட்டர் கேபிள்.

"அந்தோணி, இதுல கரண்ட் ஓடுமா?"

"ஆக்ஸிலேட்டர்லயா? அது சும்மா இழுக்குற கம்பி பெரியக்கா. காலால மிதிச்சா இழுக்கும். அவ்வளவுதான்."

"அப்ப ஏன் சாவியைத் திருப்பினா இது சுடுது?"

அவர் வந்து தொட்டுப் பார்த்தார். கையை உதறினார். டிக்கியில் மீனுக்குக் கீழே இருந்த சாக்கை இழுத்து, முன்பு மாற்றிய இரண்டு பழைய கேபிள்களையும் எடுத்தார். இரண்டுமே நடுவில் உருகி, உள்ளே இருந்த கம்பி பிளாஸ்டிக்கோடு ஒட்டிக்கிடந்தது. இறுகிப்போனதாக மாற்றிய கேபிள்கள். ஏன் உருகின என்று கேட்காமல் மாற்றிய கேபிள்கள். இரண்டு கோளாறு என்றார்கள். கோளாறு ஒன்றுதான்.

வண்டி அதுவாகவே எழுந்தபின், உருகிய கேபிளை மடியில் வைத்துக்கொண்டு அறந்தாங்கிக்குத் திரும்பினேன். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஆட்டோ எலக்ட்ரீஷியன் சேகரின் கடை. பேட்டரியை மாற்றியவர் அவர்தான். நாங்கள் போனபோது போனில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தார். என்னைத் தாண்டி அந்தோணியைப் பார்த்து, "என்ன, மறுபடியுமா?" என்றார்.

நான் சொல்லத் தொடங்கினேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "மேடம், வீட்டுல ஆம்பளைங்க யாராச்சும் இருந்தா பேசச் சொல்லுங்க. சாருக்கு வேணா நான் போன் போடட்டா?"

"எனக்கே சொல்லுங்க. புரியலன்னா மறுபடி சொல்லுங்க. நேரம் இருக்கு," என்றேன்.

கேபிளை அவர் மேஜையில் வைத்தேன். சாவியைத் திருப்பினால் இது சுடுகிறது என்றேன். அவர் கேபிளை எடுத்தார். உருகிய இடத்தை நகத்தால் நிமிண்டினார். போனைக் கவிழ்த்து வைத்தார். சுவரில் தொங்கிய மீட்டரை எடுத்துத் தூசியை ஊதினார். சித்திரையிலிருந்து அந்த மீட்டர் அங்கேதான் தொங்கியிருக்கிறது.

ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸில் வைத்தார், இன்னொன்றை எஞ்சினில். "அடி," என்றார். அந்தோணி சாவியைத் திருப்பினார்.

"இது சைபர்கிட்ட நிக்கணும். இங்க பாருங்க," என்று எனக்குக் காட்டினார். மூன்று வோல்ட்டுக்கு மேல் காட்டியது. இப்போது என்னிடம்தான் பேசினார், அதைக் கவனித்தேன். "பேட்டரியிலேர்ந்து கரண்டு எஞ்சினுக்குப் போகுது. திரும்பி வர்றதுக்கு வழி வேணும்ல? எர்த்து. அந்த வழி அடைச்சிருக்கு. அதான் கரண்டு ஆக்ஸிலேட்டர் கம்பி வழியா வந்திருக்கு. கம்பி தாங்குமா? சுடாம என்ன செய்யும்? பிரேக் லைட்டு, ஏ.சி.ன்னு லோடு ஏறுறப்ப அதும் பத்தாம வண்டி நின்னுருது."

ஒரு தடிமனான ஒயரை எடுத்து பேட்டரி மைனஸையும் எஞ்சினையும் நேராக இணைத்தார். சாவியைத் திருப்பியதும் எஞ்சின் துள்ளிக் கிளம்பியது. ஆவூர் பிரிவிலிருந்து அந்த நிமிடம் வரை அது அப்படிக் கிளம்பி நான் கேட்டதில்லை.

பிறகு எஞ்சினிலிருந்து பாடிக்குப் போகும் ஒரு பின்னல் பட்டையைத் தேடிப் பிடித்து, அதன் போல்ட்டைக் கழற்றினார். பட்டைக்கு அடியில் இரும்பு தெரிய வேண்டிய இடத்தில் மயில்கழுத்து நீலம். வழவழவென்று, ஒரு கீறல் இல்லாமல். பெயிண்டர் பட்டையைக் கழற்றி, அடித்து, காயவைத்து, பெயிண்ட்டுக்கு மேலேயே திரும்ப முடுக்கியிருந்தார். போல்ட்டின் மரை மட்டும் எங்கோ தொட்டும் தொடாமலும் இத்தனை நாளும் வண்டி ஓடியிருக்கிறது. ஒவ்வொரு மெக்கானிக்கும் எதையோ மாற்றும்போது இதையும் அசைத்திருக்கிறார். அசைந்ததில் தொட்டுக்கொண்டது. மாற்றிய பார்ட்டால் சரியானது என்று நம்பிவிட்டார்கள்.

காதுகுத்துக்கு அப்பறம்தான் என்று கலா சொன்னது முழு உண்மை. ஊரும் அதைத்தான் சொன்னது. தேதி சரி. ஆனால் ஊர்வலத்தில் யார் யார் பார்த்தார்கள் என்று யோசித்தார்களே தவிர, ஊர்வலத்துக்காக காருக்கு என்ன செய்தோம் என்று ஒருவரும் யோசிக்கவில்லை.

"எர்த்தாத்தான் இருக்கும்னு நான் அப்பவே நெனச்சேன்," என்றார் சேகர்.

அதற்கு நான் பதில் சொன்னேன். அதை இங்கே எழுதவில்லை.

அந்த இடத்தில் பெயிண்ட்டைச் சுரண்ட வேண்டும். சேகர் தயங்கினார். "பேட்டரி மாத்துறப்பவே சாரு சொல்லிட்டாரு மேடம், உள்ள ஒரு கீறல் விழக்கூடாதுன்னு. ஒரு வார்த்த கேட்டுக்கிறேன்." வீட்டுக்குப் போன் செய்து கலாவைச் சேர்த்து, முருகேசனையும் வீடியோவில் கூப்பிட்டார். அங்கே அவர் வேலை இடைவேளையில், தலையில் ஹெல்மெட்டோடு இருந்தார்.

"அண்ணி, நல்லா இருக்கீங்களா? சேகரு, சொரண்டாம வேற எங்கிட்டாச்சும் போல்ட்டு போட முடியாதா? ஆவணில தம்பி நிச்சயதார்த்தம் வருது. நம்ம வண்டிதான் முன்னாடி போவணும்."

நான் வாயைத் திறப்பதற்கு முன் திரையின் இன்னொரு கட்டத்திலிருந்து கலா பேசினாள். சத்தமே உயரவில்லை.

"என்னங்க, நேத்து ரோட்டுல நின்னேன். நீங்க வாங்கிக் குடுத்த காருக்குப் பக்கத்துல, மரத்தடியில. நாளைக்கும் நின்னா எனக்கு பெட்டு இல்லைன்னுட்டாக. ஊர்வலம் போற வண்டிக்கு ஆளு இருக்கணும்ல, பின்னாடி ஒக்கார?"

முருகேசன் ஹெல்மெட்டைக் கழற்றினார். தலை வியர்வையில் நனைந்திருந்தது. காதுகுத்துக் கதையைக் கேட்டதிலிருந்து நான் கோபப்பட்டுக்கொண்டிருந்த ஆள் அவர். அந்தத் திரையில் பார்த்தபோது, இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மட்டும் ஊர் கண்ணில் படுகிற ஒரு மனிதராகவும் இருந்தார். கோபம் போகவில்லை. கொஞ்சம் இடம் மாறியது.

"சொரண்டு சேகரு. நல்லா சொரண்டு," என்றார்.

வியாழக்கிழமை வழியெல்லாம் கல்யாண மண்டபங்கள், வாழைமரம் கட்டிய வாசல்கள், பேண்டு வாத்தியம். ஒரு மண்டபத்துக்கு முன்னால் நெரிசலில் அந்தோணி திரும்பத் திரும்ப பிரேக் பிடித்தார். நான் ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருந்த விளக்குகளையே பார்த்தேன். கலா கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். விளக்குகள் மங்கவில்லை. மையத்துக்கு முன்கூட்டியே போய்ச் சேர்ந்தோம். இத்தனை நாள் நிற்பதற்காக ஒதுக்கிய நேரம் அப்படியே கையில் இருந்தது.

உள்ளே, கலாவின் படுக்கையில் வேறு ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயது இருக்கலாம். துண்டை விரித்து, செருப்பைக் கட்டிலுக்கு அடியில் ஒழுங்காக வைத்திருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். யாரும் சொல்லவில்லை.

"வந்துட்டீங்களா," என்றார் கலாவிடம். பிறகு உண்மையான அக்கறையோடு, "காரு இன்னைக்கி நிக்கலீங்களா?" என்று கேட்டார்.

கலா தலையாட்டினாள். அவளால் அந்தப் பெண்ணைப் பார்க்க முடியவில்லை.

அவர் பெயர் ராசாத்தி என்று நர்ஸ் சொன்னார். கடற்கரைப் பக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறார். அவருக்கு இன்னும் நிரந்தரமாக இடம் கிடைக்கவில்லை. ஆனாலும் கலாவின் முறை வரும் நாளிலெல்லாம் விடிவதற்குள் வந்து தாழ்வாரத்தில் உட்கார்ந்துவிடுவார், யாராவது வராமல் போனால் அந்தப் படுக்கை கிடைக்கும் என்று. செவ்வாய்க்கிழமை காலை கலாவின் படுக்கையில் படுத்தவர் அவர்தான். அதற்கு முன்னால் கார் நின்ற நாட்களிலும் அவர்தான். இந்த மாவட்டத்தில் எத்தனை படுக்கை வேண்டும், எத்தனை இருக்கிறது என்று யாரோ எங்கோ கணக்குப் போட்டிருக்க வேண்டும். போட்டவர் முகத்தை நான் பார்க்க ஆசைப்பட்டேன். அதுவரை பட்டறைக்காரர்கள் மீது இருந்த கோபமெல்லாம் சில்லறையாகத் தெரிந்தது.

"மதியத்துல எதுவும் காலியாவாதா?" என்று நர்ஸிடம் கேட்டேன்.

"இன்னைக்கு எல்லாரும் வந்துட்டாங்க மேடம்."

கலா படுக்கையில் ஏறினாள். ஊசி குத்தும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, அவங்கள பஸ் ஸ்டாண்டு வரைக்குமாச்சும் கொண்டு விடச் சொல்லு," என்றாள்.

நானும் கூடப் போனேன். ராசாத்தி பின்சீட்டில் ஓரமாக, துண்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அவர் கால்கள் வீங்கி, செருப்பின் வார் தோலில் பதிந்திருந்தது. அந்தோணி சாவியைத் திருப்பியதும் வண்டி கிளம்பியது. ஏ.சி. ஜில்லென்று வந்தது. அவர்தான் பேசினார், வண்டி நன்றாக ஓடுகிறது என்று.

பஸ் ஸ்டாண்டில் இறங்கினார். கதவை மெதுவாகச் சாத்திவிட்டு, குனிந்து ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தார்.

"தங்கச்சிய நல்லாப் பாத்துக்கங்க. நான் சனிக்கெழம வாரேன். யாராச்சும் வராமலா போயிருவாங்க," என்றார்.